ஜூலையில் இலங்கை: கடற்கரை ஓய்வுக்கு நிலாவெளியா, பாசிக்குடாவா?

அடையாறு வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஜூலை இரண்டாம் வாரம் குடும்பத்தோடு இலங்கை போகிறோம். மனைவி, பத்து வயது மகள், ஆறு வயது மகன், கூடவே என் அப்பா அம்மா. அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். சமதரையில் நடப்பார், படி என்றால் கஷ்டம். அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம், அங்கிருந்து வேன்.

டிராவல்ஸ்காரர் கொடுத்த திட்டம் இது: கொழும்பு, காலி, மிரிஸ்ஸ, எல்ல, நுவரெலியா, கண்டி, சிகிரியா, கடைசியாகக் கிழக்குக் கரையில், திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் கடற்கரை ரிசார்ட். எல்லா இடத்திலும் ஒவ்வோர் இரவு. தீவையே ஒரு சுற்று சுற்றிவிடலாம் என்கிறார்.

எனக்கு வேண்டியது அந்தக் கடைசிப் பகுதிதான். பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்க வேண்டும், அப்பாவும் அம்மாவும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும், என் கண்ணில் லேப்டாப் படக்கூடாது. ஒரு நண்பர், நிலாவெளியை விடு, அதே கரையில் மட்டக்களப்புப் பக்கம் இருக்கும் பாசிக்குடா போ என்கிறார். இரண்டையும் பார்த்தவர்கள் சொல்லுங்கள். நானே கார் ஓட்டலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

மட்டுநகரான்:

தம்பி, முதலில் ஒன்று. ஜூலையில் மிரிஸ்ஸவைத் திட்டத்தில் வைத்தது யார்? மே தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. காலி, மிரிஸ்ஸ, பெந்தோட்டை என்று தெற்குப் பக்கம் எல்லாம் அப்போது கொந்தளிக்கும். சிவப்புக் கொடி கட்டிய கரையில் பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதே நாட்களில் எங்கள் கிழக்குக் கரையில் மழையும் இல்லை, அலையும் இல்லை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை நிலைமை நேர்மாறு. வாடை அடிக்கும்போது கிழக்குக்கு வராதீர்கள், தெற்குக்குப் போங்கள். இந்தத் தீவில் எப்போது வந்தாலும் ஏதாவது ஒரு பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

கிழக்கிலும் ஒரு விஷயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் கச்சான் காற்று. மேற்கே மலையில் மழையைக் கொட்டிவிட்டு வெறும் வெக்கையாக எங்களிடம் இறங்கும். பகல் பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை வெளியே நிற்க முடியாது. விடிய ஆறரைக்குக் கடலில் இறங்குங்கள், ஒன்பதரைக்கு ஏறுங்கள், மத்தியானம் படுங்கள், பின்னேரம் நான்கு மணிக்குத் திரும்ப இறங்குங்கள். ஒரு இரவு மட்டும் தங்குகிறவர்களுக்கு இந்த ஒழுங்கு கிடைக்காது. நண்பகலில் வந்து சேர்வார்கள், மறுநாள் காலைச் சாப்பாட்டோடு பெட்டியைக் கட்டுவார்கள். நல்ல கடலை அவர்கள் பார்ப்பதே இல்லை.

கொங்குப் பயணி:

மட்டுநகரான் அண்ணன் தெற்கைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் மலையகத்தை வெட்டச் சொல்லாதீர்கள். முதல் தடவை போகிறவர் எல்ல ரயிலையும் தேயிலை மலையையும் பார்க்காமல் வந்தால் என்ன பயணம் அது? கடலுக்கு நம்மிடம் என்ன குறை? அடையாற்றிலிருந்து பத்து நிமிடத்தில் பெசன்ட் நகர் கடற்கரை. இவ்வளவு செலவு செய்து இன்னொரு கடலோரத்தில் போய்ப் படுத்துக் கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாங்கள் குடும்பமாகச் சுற்றுலா போனால் காலை ஏழு மணிக்கு வண்டி கிளம்பிவிடும். அலைச்சல்தான், ஆனால் பிள்ளைகளுக்கு அதுதான் நினைவில் நிற்கிறது.

வல்வை மகள்:

கொங்குப் பயணி, பெசன்ட் நகரில் ஆறு வயதுப் பிள்ளையைக் கடலில் இறக்குவீர்களா? கணுக்கால் நனைய நிறுத்தி, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போதும் வா" என்று இழுத்து வருவீர்கள். சோழமண்டலக் கரை முழுவதும் அப்படித்தான். அலை நேரே வந்து அடிக்கும், காலுக்குக் கீழ் மணல் ஓடும்.

பாசிக்குடாவில் அப்படியில்லை. குடாவின் வாயில் பவளப்பாறை இருப்பதால் அலை அங்கேயே உடைந்துவிடும். உள்ளே தண்ணீர் மட்டமாக, வெதுவெதுப்பாக, கால் விரல் தெரியும்படி கிடக்கும். பெரியவர் ஒருவர் நீண்ட தூரம் நடந்து போனாலும் இடுப்பளவுதான். நான் ரொறன்ரோவிலிருந்து என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர்கள் உப்புத் தண்ணீரில் மிதக்கப் பழகியது அங்கேதான். என் அம்மா, சேலையோடு தண்ணீருக்குள் உட்கார்ந்து பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டிருந்தார். முழங்கால் வருத்தம் உள்ளவருக்கு அந்தத் தண்ணீரில் நடப்பதே சுகம்.

ஆனால் பாசிக்குடாவைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அங்குள்ள பெரிய ரிசார்ட்டுகள் எல்லாம் போர் முடிந்த பிறகு, 2011ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி வரிசையாக எழுந்தவை. ஒரே குடாவைச் சுற்றி, ஒன்றன்பக்கத்தில் ஒன்று. விசாலமான புல்தரை, பெரிய நீச்சல் குளம், நல்ல அறை. வெளியே வந்தால் நடக்க ஊர் என்று ஒன்று பெரிதாக இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் உள்ளேதான். நிலாவெளியில் அப்படி இல்லை. கரை நீளம், விடுதிகள் தள்ளித் தள்ளி, நடுவில் ஊர், கடை, கோயில் மணி. பெரிய ரிசார்ட்டும் உண்டு, வீட்டோடு சேர்ந்த நாலு அறை விடுதியும் உண்டு. கடல் மட்டும் பாசிக்குடாவைவிடச் சீக்கிரம் ஆழமாகும்.

முடிந்தால் இரண்டிலும் இருங்கள். முடியாவிட்டால், இந்த வயதுப் பிள்ளைகளோடு நான் பாசிக்குடாவுக்குத்தான் போவேன்.

அடையாறு வாசி:

அக்கா, தண்ணீரில் உட்காரலாம் என்று நீங்கள் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்படியானால் நானும் இறங்குவேன்" என்றார். சரி, தெற்கை வெட்டுகிறேன். கார் ஓட்டுவது பற்றி யாராவது?

திருமலைச் சாரதி:

நான் திருகோணமலை. சுற்றுலா வாகனம் ஓட்டுவதுதான் தொழில். அதனால் நான் சொல்வது என் பிழைப்புக்காக என்று நினைக்க வேண்டாம், வீதி எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

இடப்பக்கம்தான் ஓட்டுவோம், அதில் உங்களுக்குப் பழக்கம் உண்டு. ஆனால் இந்தியாவில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி மட்டும் இங்கே போதாது. அதற்கு இலங்கையில் அங்கீகாரம் பெற்ற பிறகுதான் ஓட்டலாம். விடுமுறையின் தொடக்கத்தில் அந்த வேலை வேண்டுமா என்று யோசியுங்கள். தூரமும் வரைபடத்தில் பார்ப்பது போல இல்லை. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 250 கிலோமீட்டர்தான், ஆனால் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஊர் ஊராகப் புகுந்து வர ஆறு மணி நேரம் பிடிக்கும். வயதானவர்களுக்கு இடையில் இறங்கி நிற்க வேண்டும், ஆகவே ஏழு என்றே வையுங்கள்.

மிக முக்கியம் யானை. ஹபரணையிலிருந்து கந்தளாய்ப் பக்கமும், மின்னேரியாப் பக்கமும் மாலை மங்கினால் யானை வீதிக்கு வரும். 2025 பிப்ரவரியில் ஹபரணைக்குப் பக்கத்தில் பயணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. தண்டவாளத்திலேயே அப்படி என்றால் வீதியை நினைத்துப் பாருங்கள். இந்தப் பகுதியை வெளிச்சத்திலேயே கடக்க வேண்டும். பகலிலும் வீதியோரம் ஒற்றை யானை நின்றால் வாழைப்பழம் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தின்று பழகிய யானை அடுத்த வாகனத்தை மறிக்கும். அப்புறம் அந்த யானையைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், எல்லோரும் கவனியுங்கள். ரிசார்ட் பதியும்போது சாரதிக்குப் படுக்க இடமும் சாப்பாடும் உண்டா என்று கேளுங்கள். பெரிய ஓட்டல்கள் பலவற்றில் சாரதிகளுக்குத் தனி அறை இருக்கும். சிறிய விடுதிகளில் பெரும்பாலும் இருக்காது. அப்போது நாங்கள் வாகனத்தின் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டுப் படுப்போம். ஜூலை வெக்கையில், நுளம்பு என்னும் கொசுக் கடியில், அது தூக்கமா? மறுநாள் உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவர் அந்த ஆள்தான்.

வல்வை மகள்:

திருமலைச் சாரதி அண்ணா, இதை நீங்கள் எழுதியது நல்லது. இடம் இல்லாத விடுதி என்றால் பக்கத்தில் சாரதிக்கு ஒரு அறை எடுத்துக் கொடுப்பது பெரிய செலவில்லை. வாடகை பேசும்போதே அதைச் சேர்த்துப் பேசிவிட வேண்டும்.

கரைவலை:

நான் நிலாவெளிப் பிள்ளை. அப்பா கரைவலை இழுத்தவர். ரிசார்ட்டில் ஓய்வு என்று நீங்கள் எல்லோரும் கதைக்கிற கரையைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

விடுதிக்கு முன்னால் இருக்கும் மணல் விடுதியின் சொத்து இல்லை. காலையில் அந்த மணலில் வள்ளம் நிற்கும், வலை காயும், கயிறு குறுக்கே ஓடும். சில விருந்தாளிகள் அதைப் பார்த்து "அழுக்கு" என்று வரவேற்பறையில் முறையிடுகிறார்கள். பாசிக்குடாவில் ஓட்டல்கள் வந்தபோது வள்ளம் இழுத்துவைக்கும் இடம் சுருங்கிப்போனது அங்குள்ள மீனவர்களின் நெடுநாள் முறைப்பாடு. நீங்கள் வாருங்கள், மகிழ்ச்சியாக இருங்கள், எங்களுக்கும் அது வருமானம். வலை இழுக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். கயிற்றில் கை வைத்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். மீன் வாங்கி விடுதியில் கொடுத்துச் சமைக்கச் சொல்லலாம், சிறிய விடுதிகளில் சந்தோஷமாகச் செய்து தருவார்கள்.

புறாத்தீவு போவீர்கள் என்று நினைக்கிறேன். நிலாவெளிக் கரைக்கு நேரே, ஒரு கிலோமீட்டர் தள்ளி. 1963இல் சரணாலயமாக்கி, 2003இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். கரையில் வனஜீவராசித் திணைக்களத்தின் அலுவலகம் இருக்கிறது, நுழைவுச் சீட்டு அங்கேதான். படகுக் கூலி வேறு. வெளிநாட்டவருக்கு நுழைவுச் சீட்டே கணிசமாக வரும், கேட்டுவிட்டு முடிவெடுங்கள். விடிய ஏழரைக்குள் போய்விட வேண்டும். பத்து மணிக்குமேல் அந்தச் சின்னத் தீவில் கால் வைக்க இடம் இருக்காது, சனி ஞாயிறு சொல்லவே வேண்டாம். கரை முழுக்க உடைந்த பவளத் துண்டு. வெறும் காலோடு போனால் அறுக்கும், ரப்பர் செருப்போ தண்ணீர்ச் சப்பாத்தோ வேண்டும். கறுப்பு முனைச் செட்டை வைத்த சின்னச் சுறாக்கள் ஓரமாகவே நீந்தும். ஆளை ஒன்றும் செய்யாது, பிள்ளைகள் கத்தாமல் பார்த்தால் நெருங்கிப் பார்க்கலாம்.

ஒரேயொரு வேண்டுகோள். பவளத்தின் மேல் நிற்க வேண்டாம். நீந்தத் தெரியாதவர்கள் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கிவிட்டு, பயத்தில் காலை ஊன்றுவது பவளத்தின் மேல்தான். கடல் சூடாகி ஏற்கெனவே நிறைய வெளிறிப்போய்விட்டது. மிச்சம் இருப்பதாவது இருக்கட்டும். மிதக்க வராதவர்கள் தீவுக்குப் போகாமல் கரையில் குளிப்பதே நல்லது. எங்கள் ஊருக்கு வருமானம் குறைந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

அடையாறு வாசி:

கரைவலை, இதைப் படித்தபிறகு பிள்ளைகள் இருவரையும் இந்த வருடம் புறாத்தீவுக்குக் கூட்டிப்போகப் போவதில்லை. பெண்ணுக்கு நீச்சல் ஓரளவு வரும், பையனுக்கு வராது. வலை இழுப்பதைக் காட்டுகிறேன்.

அம்மாவின் சாப்பாடு, அப்பாவின் படிக்கட்டு, இரண்டுக்கும் வழி சொல்லுங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகாமல் வரமாட்டேன் என்கிறார் அப்பா.

மட்டுநகரான்:

திருக்கோணமலை சம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தார்கள். இப்போது இருப்பது பின்னர் எழுந்தது. கோட்டைக்குள் வாகனம் போகும், மான்கள் நடமாடும், கடைசியில் கொஞ்சம் ஏற்றம். அப்பா மெதுவாக நடந்தால் போதும், மாலைப் பூசைக்கு முன்பே போய்விடுங்கள். கோயிலை ஒட்டிய பாறை விளிம்பில்தான் இராவணன் வெட்டு, இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லும் பிளவு. அங்கே நின்று கீழே கடலைப் பார்ப்பதற்கு நேரம் ஒதுக்குங்கள். திருகோணமலையில் கடலடிப் பள்ளம் துறைமுக வாயிலிலேயே தொடங்குகிறது. ஆழ்கடல் கரைக்கு அவ்வளவு கிட்ட வருவதால் நீலத் திமிங்கிலமும் கிட்ட வரும். அதிர்ஷ்டம் இருந்தால் அந்தப் பாறையிலிருந்தே அது நீர் பீச்சுவதைப் பார்க்கலாம். படகிலும் கூட்டிப் போவார்கள், ஜூலையில் வாய்ப்பு உண்டு, ஆனால் வயதானவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் போங்கள். நகரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூடு. வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். முழங்காலுக்கு அப்பா நாலு வாளி ஊற்றிக்கொள்ளட்டும்.

சாப்பாட்டுக்கு, திருகோணமலை நகரத்திலும் மட்டக்களப்பிலும் சைவக் கடைகள் தாராளம். இடியப்பம், சொதி, தோசை, மத்தியானச் சோறு எல்லாம் கிடைக்கும். பாசிக்குடாவில் ரிசார்ட் சமையலறையை நம்ப வேண்டியிருக்கும். முதல்நாளே சமையல்காரரைப் பார்த்துப் பேசுங்கள். இலங்கையில் சைவம் சாப்பிடுகிறவர் ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ள வேண்டும்: மாசி. தேங்காய்ச் சம்பலில், வெங்காயச் சம்பலில், சில இடங்களில் பருப்புக் கறியிலும்கூட மாசிக் கருவாட்டை இடித்துப் போடுவார்கள். பார்த்தால் தெரியாது. "மரக்கறி மட்டும்" என்று சொன்னால் போதாது, "மாசியும் வேண்டாம்" என்று சொல்ல வேண்டும்.

கொங்குப் பயணி:

சரி, ஓய்வு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சாலைப் பயணம் என்றால் சாலையும் பார்க்கும்படி இருக்க வேண்டுமே. மலையக வளைவுகளை விட்டுவிட்டால் கிழக்கில் வெறும் தட்டையான ரோடுதானே?

மட்டுநகரான்:

தட்டையான வீதிதான். ஆனால் திருகோணமலையிலிருந்து பாசிக்குடா வரும் அந்த ஏ-15 வீதியில் ஒருமுறை வந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டீர்கள். ஏறத்தாழ 110 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம், ஆனால் அரை நாள் ஒதுக்குங்கள்.

முதலில் கிண்ணியாப் பாலம். 396 மீட்டர், இலங்கையின் மிக நீளமான பாலம் என்று 2009இல் திறந்தார்கள். அதற்கு முன்னால் இந்த வழியில் ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு பாதை. பாதை என்று நாங்கள் சொல்வது வாகனத்தை ஏற்றிக் கயிற்றால் இழுக்கும் மிதவையை. ஒரு துறையைக் கடந்து அடுத்த துறைக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் நாள் முழுக்கப் போய்விடும். இப்போது மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் கழிமுகத்தைச் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தபடி பாலம் பாலமாகத் தாண்டுகிறோம். 335 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு அது, நீங்கள் மலையகத்தில் பார்க்காமல் விடும் தண்ணீர் எல்லாம் அங்கே வந்து சேர்கிறது.

அடுத்து மூதூர். 1660இல் ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல்காரர் பிடிபட்டுக் கண்டி அரசனின் கைதியாகப் போனது இந்தக் கரையில்தான். பத்தொன்பது ஆண்டு கழித்துத் தப்பி, தீவைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். மகளுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

அப்புறம் வெருகல். ஆற்றோரம் சித்திர வேலாயுத சுவாமி கோயில், மருத மர நிழல். கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன்னைய வாரங்களில் வந்தால் பாதயாத்திரை போகிறவர்களைப் பார்ப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, இந்தக் கிழக்குக் கரையோரமாகவே நடந்து, காடு கடந்து கதிர்காமம் சேர்வார்கள். கையில் வேல், தலையில் சின்ன மூட்டை. வாகனத்தை நிறுத்தித் தண்ணீர்ப் போத்தல் கொடுங்கள், அம்மாவின் கையால்.

வெருகலைத் தாண்டினால் கதிரவெளி, வாகரை. 2004இல் கடலும், அதற்கு இரண்டு ஆண்டு கழித்துப் போரும் வந்து துடைத்துவிட்டுப் போன ஊர்கள். இன்று வீதியோரம் இறால், நண்டு, பனங்கிழங்கு என்று ஏதாவது வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்வேன், உங்களுக்கும் சொல்கிறேன். பனிச்சங்கேணிப் பாலத்தில் நிற்காமல் வர வேண்டாம். ஒருபக்கம் களப்பு, அதாவது காயல், கண்டல் என்னும் அலையாத்திக் காடு, நாரை. மறுபக்கம் கடல். காற்று அங்கே மட்டும் குளிரும்.

ஜூலை என்பதால் திருகோணமலை, வவுனியாப் பக்கத்து வீதிகளில் பாலைப்பழம் விற்பார்கள். மஞ்சள் நிறம், சின்னது, பிசினாக வாயில் ஒட்டும். காட்டில் ஏறிப் பறித்து வருவது. சென்னையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. வாழைச்சேனைப் பக்கம் வந்ததும் முட்டித் தயிர். எருமைத் தயிர், மண்முட்டியில். கித்துள் பனையின் பாகான கித்துள் பாணி ஊற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

கொங்குப் பயணி:

பாதயாத்திரை இந்த வழியாகப் போகிறது என்று எனக்குத் தெரியாது. அதற்காகவே நான் ஒரு முறை வருகிறேன், அண்ணே. ஆனாலும் அடையாறு வாசிக்கு ஒன்று சொல்வேன்: சிகிரியாப் பாறைக் கோட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏறத்தாழ 1,200 படி, அப்பாவால் முடியாது, உண்மை. ஆனால் கீழே இருக்கும் தடாகத் தோட்டமே பார்க்க வேண்டியது. அவரும் அம்மாவும் அங்கே நிழலில் இருக்கட்டும், நீங்கள் மகளோடு ஏறி இறங்குங்கள். வெயிலுக்கு முன் போக வேண்டும், வாயில் திறக்கும்போதே.

வல்வை மகள்:

ஒத்துக்கொள்கிறேன். பாசிக்குடாவிலிருந்து திரும்பும் வழியில் பழைய தலைநகரான பொலன்னறுவையும் இருக்கிறது. படி அதிகம் இல்லை, வாகனத்திலேயே ஒவ்வொரு இடமாக இறங்கிப் பார்க்கலாம். அங்கே சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று கல்லாலேயே நிற்கிறது, வானவன் மாதேவி ஈச்சரம். சுவரில் தமிழ்க் கல்வெட்டு. தஞ்சாவூர்ப் பாணியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சின்னக் கோயில் உடனே சொந்தமாகிவிடும். உங்கள் அப்பா அங்கிருந்து கிளம்பமாட்டார்.

ரிசார்ட் பதியும்போது பார்க்க வேண்டியவை சிலவற்றைச் சொல்கிறேன். அப்பா அம்மாவுக்குத் தரைத்தள அறை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், வந்தபிறகு கேட்டால் கிடைக்காது. கரையில் மரம் இருக்கிறதா என்று விருந்தாளிகள் எடுத்த படங்களில் பாருங்கள், ஓட்டல் போடும் படத்தில் அல்ல. ஜூலையில் நீச்சல் குளத்தைவிட ஒரு தென்னந்தோப்பு நிழல் பெரிது. பாசிக்குடாவில் காலையும் இரவும் சாப்பாடு சேர்ந்த வாடகையை எடுங்கள். நிலாவெளியில் காலைச் சாப்பாடு மட்டும் போதும், இரவுக்கு வெளியே போகலாம். சனி ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், கொழும்பிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். ஆகஸ்ட் பள்ளி விடுமுறை என்றால் இன்னும் மோசம், உங்கள் தேதி அதற்கு முன்பே முடிவது நல்லது.

கரைவலை:

பக்கத்திலேயே கல்குடாக் கரையும் இருக்கிறது. பாசிக்குடாவிலிருந்து நடந்தே போகலாம், ஆளே இருக்கமாட்டார்கள், வடிவான கரை. ஆனால் அது திறந்த கடல். பாசிக்குடாவில் இரண்டு நாள் குளித்த துணிச்சலில் பிள்ளைகளை அங்கே இறக்கிவிட வேண்டாம். பாறை காப்பது குடாவுக்குள் மட்டும்தான்.

அடையாறு வாசி:

எல்லாவற்றையும் வைத்து இப்படி மாற்றியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

விமானம் மதியம் இறங்குவதால் முதல் இரவு தம்புள்ளை. விடிந்ததும் சிகிரியா, பிறகு உச்சி வெயிலில் வண்டிக்குள் இருந்தபடி நிலாவெளி. அங்கே இரண்டு இரவு, சிறிய விடுதி, சாரதிக்கும் ஒரு அறை சேர்த்துப் பேசியாகிவிட்டது. கோணேசர், கன்னியா, வலை இழுப்பு, வேறு எதுவும் இல்லை. நான்காம் நாள் ஏ-15 வழியாக, எங்கெங்கே மனம் சொல்கிறதோ அங்கெல்லாம் நிறுத்திப் பாசிக்குடா. அங்கே மூன்று இரவு, ஒரு திட்டமும் இல்லை. கிளம்பும் நாளில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பொலன்னறுவை பார்த்துவிட்டு, இரவுக்குள் நீர்கொழும்பு. மறுநாள் காலை விமானம். கண்டியும் நுவரெலியாவும் இன்னொரு வருடத்துக்கு. மட்டக்களப்பு பாசிக்குடாவிலிருந்து எவ்வளவு தூரம்? அங்கே களப்பில் மீன் பாடும் என்கிற பாடுமீன் கதையைப் பெண் எங்கோ படித்துவிட்டுக் கேட்கிறாள்.

மட்டுநகரான்:

முப்பத்தைந்து கிலோமீட்டர் வரும். ஒரு பின்னேரம் வாருங்கள். மட்டக்களப்பு நகரை ஒட்டிய கல்லடியில் இரண்டு பாலம் அருகருகே நிற்கும். பழைய இரும்புப் பாலம் 1924இல் கட்டியது, புதியது 2013இல் திறந்தது. பழையதில் நடந்து போகலாம். பாடுமீனுக்குப் பௌர்ணமியை ஒட்டிய இரவும், காற்றில்லாத களப்பும், சத்தமில்லாத வீதியும் வேண்டும். தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். கேட்டவர்கள் இருக்கிறார்கள். இந்தக் காலத்து வாகன இரைச்சலில் மகளுக்குக் கேட்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன், ஆனால் பாலத்தில் நின்று களப்பைப் பார்ப்பதற்கே வரலாம். மட்டக்களப்புக்கு அப்பால் கடலில்தான் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, தேர்ந்த சுழியோடிகள் மட்டும் போவார்கள்.

திருமலைச் சாரதி:

திட்டம் நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. கிளம்பும் நாளை மாற்றுங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாசிக்குடாவில் ஏறினால், பொலன்னறுவைக்கு மூன்று மணி. பார்த்து முடிக்க ஐந்தரை. அதற்குப் பிறகு மின்னேரியா, ஹபரணை. நான் முதலில் சொன்ன அதே யானைப் பகுதியில் சரியாக இருட்டும் நேரத்தில் போய் நிற்பீர்கள். அங்கிருந்து நீர்கொழும்புக்கு இன்னும் நாலு மணி நேரம். சாரதியும் களைத்துப்போவார், உங்கள் அப்பாவின் காலும் வீங்கும்.

காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை ஒருமுறை கடலில் இறக்கி எடுங்கள். ஏழரைக்கு வண்டியில் ஏறுங்கள், காலைச் சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்லி முதல்நாளே ரிசார்ட்டில் சொல்லிவிட்டால் செய்வார்கள். ஒன்பதரைக்குப் பொலன்னறுவை, கல் தரை சூடாகும் முன் பார்த்துவிடலாம். கோயில் இடங்களில் செருப்பைக் கழற்ற வேண்டும், அப்பாவுக்கு ஒரு சோடி தடித்த காலுறை எடுத்து வையுங்கள். பன்னிரண்டுக்குக் கிளம்பினால் ஹபரணையைப் பகலிலேயே தாண்டி, தம்புள்ளையில் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் நீர்கொழும்பு.